வினாக்களின் வரலாறு: நோயாளர் கூற்றை அளவிட்ட முறைகள் பற்றிய ஒரு நோக்கு

1

மருத்துவத்தின் வரலாற்றை எழுதியோர் மருந்துகளைப் பற்றியும் கருவிகளைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். வைத்தியர் நோயாளியிடம் கேட்ட வினாக்களின் வரலாறு அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. வெப்பமானி எவ்வாறு மருத்துவமனைக்குள் வந்தது என்பதைப் பாடநூல்கள் கூறும். "கடந்த ஏழு நாட்களில் எத்தனை முறை களைப்பாக உணர்ந்தீர்கள்?" என்ற வினா எங்கிருந்து வந்தது என்று கேட்பின் விடை எளிதிற் கிடைப்பதில்லை. ஆயினும் இன்று புதிய மருந்தொன்றின் பயனை மதிப்பிடும்போதும், சத்திரசிகிச்சையின் விளைவை ஆராயும்போதும், சுகாதாரக் கொள்கையொன்றை வகுக்கும்போதும் இத்தகைய வினாக்களுக்கு நோயாளர் தாமே தரும் விடைகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. நோவு, களைப்பு, மனச்சோர்வு, நடக்கும் வல்லமை, உறக்கம் ஆகியவற்றை நோயாளியைத் தவிர வேறெவரும் முழுமையாக அறிய இயலாது என்பதே இதற்கான நியாயமாகும்.

இவ்வினாக்கொத்துகளை ஆக்குவோர் பெரும்பாலும் வெற்றுத்தாளை முன்வைத்துக்கொண்டு தொடங்குவதில்லை. முன்னர் வெளியான வினாக்கொத்துகளைத் தேடி, அவற்றிலுள்ள வினாக்களைத் தொகுத்து, வகைபிரித்து, தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்தே புதிய அளவுகோல்களை அமைக்கின்றனர். இது காலத்தையும் பொருளையும் மீதப்படுத்தும் தொழில்நுட்ப முறையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. எமது நோக்கில் இஃது ஒரு வரலாற்றுப் பிரச்சினையுமாகும். பழைய வினாவொன்றை எடுத்தாள்பவர் ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்தாள்வதில்லை. அதனை யார் கேட்டார், யாரிடம் கேட்டார், எத்தேவை கருதிக் கேட்டார் என்னும் சமூகச் சூழலின் ஒரு கூறும் அவ்வாக்கியத்துடன் கூடவே வருகின்றது. இக்கருத்தைச் சில முக்கிய சான்றுகளின் துணையுடன் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

2

உடல்நலத்தையும் உளநலத்தையும் பற்றி அச்சிட்ட தாளில் ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே வகையாக வினவும் முறைக்கு யுத்தம் பெரிதும் உந்துதலளித்தது. 1917ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா முதலாம் உலக யுத்தத்திற் பிரவேசித்தபோது, போர்முனையின் அதிர்ச்சியைத் தாங்கமாட்டாதவர்களை முன்கூட்டியே இனங்காணும் தேவை இராணுவத்துக்கு எழுந்தது. உளவியலாளர் றொபேட் வூட்வேர்த் இத்தேவைக்காக ஆம், இல்லை என விடையளிக்கத்தக்க 116 வினாக்கள் கொண்ட பட்டியலொன்றை ஆக்கினார். நரம்புத்தளர்ச்சியுற்றோரின் நோய்க்குறிப்புகளிற் காணப்பட்ட அறிகுறிகளே அவருக்கு மூலப்பொருளாயின. பட்டியல் பரவலாகப் பயன்படுமுன் யுத்தம் முடிந்துவிட்டது. ஆயினும் வினாக்கள் மறையவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளில் வெளியான பல ஆளுமை வினாக்கொத்துகள் அவற்றிலிருந்து கடன்பெற்றன. 1943இல் ஹதவே, மக்கின்லி என்போர் வெளியிட்ட மினசோட்டா ஆளுமைப் பட்டியலும் பாடநூல்கள், நோயாளர் குறிப்புகள், முந்திய அளவுகோல்கள் ஆகியவற்றிலிருந்து திரட்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட கூற்றுகளைச் சலித்தே அமைக்கப்பட்டது.

இவ்வாறு வினாக்கள் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிவந்த வழியை உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பேர்க் 1971இல் ஆராய்ந்தார். ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோரின் வழிவழி மரபைப் பதிப்பாசிரியர் ஆராய்வது போன்றதே இம்முயற்சி எனலாம். சுவடியிற் புகுந்த பிழை எவ்வாறு பின்வந்த சுவடிகளிலும் தொடர்கின்றதோ, அவ்வாறே ஒரு வினாவின் முற்சாய்வும் பின்வந்த பட்டியல்களில் தொடரும் வாய்ப்பு உண்டு.

இரண்டாம் உலக யுத்தமும் இதே வழியில் பங்களித்தது. படைக்குச் சேர்க்கப்படுவோரைத் தெரிவதற்காக நியூயோர்க்கின் கோர்ணெல் மருத்துவக் கல்லூரியினர் ஆக்கிய சிறு வினாக்கொத்தின் அனுபவத்திலிருந்து, 1949இல் கோர்ணெல் மருத்துவச் சுட்டி தோன்றியது. புரொட்மன், ஏர்ட்மன், லோர்ஜ், வுல்வ் ஆகியோர் வெளியிட்ட இச்சுட்டியில் 195 வினாக்கள் இருந்தன. நோயாளி வைத்தியரைக் காணுமுன் ஆம் அல்லது இல்லை என்பதைச் சுற்றி வட்டமிட வேண்டும். வைத்தியரின் நேரத்தைச் சேமிப்பது இதன் வெளிப்படையான நோக்கமாயிருந்தது.

இக்கட்டத்தில் இரு பண்புகளை அவதானிக்கலாம். முதலாவது, வினாக்கள் மேலிருந்து கீழ்நோக்கிக் கேட்கப்பட்டன. படைத்தரப்பு வீரனையும் வைத்தியர் நோயாளியையும் வினவினர்; எது கேட்கத்தக்கது என்பதைக் கேட்பவரே தீர்மானித்தார். இரண்டாவது, பிரித்தெடுத்தலே நோக்கமாயிருந்தது. தகுதியுடையோன், தகுதியற்றோன் என்றோ, நோயுற்றோர், நோயற்றோர் என்றோ ஆட்களை வேறாக்கவே அவை பயன்பட்டன. சிகிச்சையினால் ஒருவருடைய வாழ்க்கை எவ்வாறு மாறிற்று என்பதை அறியும் எண்ணம் அவற்றில் முனைப்புறவில்லை. இதே காலப்பகுதியில் புற்றுநோயாளரின் செயல்வலுவை 0 முதல் 100 வரையான புள்ளிகளால் மதிப்பிடும் கர்னொவ்ஸ்கி அளவுகோலும் வழக்குக்கு வந்தது. அதிற் புள்ளி இடுபவர் வைத்தியர். நோயாளி கருத்துக்கூறும் இடம் அங்கு இல்லை.

3

உடல், உள, சமூக நலன்கள் முழுமையாக அமைந்த நிலையே உடல்நலம் என உலக சுகாதார ஸ்தாபனத்தின் 1946ஆம் ஆண்டு யாப்பு வரையறுத்தது. கைத்தொழில் வளர்ச்சியடைந்த நாடுகளில் தொற்றுநோய்களால் இறப்போர் தொகை குறைந்து, நெடுங்கால நோய்களுடன் வாழ்வோர் தொகை பெருகியபோது, இவ்வரையறை வெறும் இலட்சியம் என்ற நிலையிலிருந்து நடைமுறைப் பிரச்சினையாக மாறிற்று. மூட்டுவாதமும் இதயநோயும் உடையவர் இறந்தாரா, பிழைத்தாரா என்று எண்ணுவது மட்டும் போதாதாயிற்று. அவர் எவ்வாறு வாழ்கிறார் என்று கேட்கவேண்டியிருந்தது.

எழுபதுகளில் தோன்றிய சில முயற்சிகள் இவ்வகையில் முக்கியமானவை. மொன்றியலில் உளவியலாளர் றொனால்ட் மெல்சாக், டோர்கர்சன் என்பாருடன் இணைந்து நோவைக் குறிக்கும் 102 சொற்களைத் தொகுத்து வகுத்து 1971இல் வெளியிட்டார். 1975இல் அம்முயற்சி 78 சொற்கள் 20 தொகுதிகளாக அமைந்த மக்கில் நோவு வினாக்கொத்தாக நிறைவுற்றது. குத்தும் நோவும் எரியும் நோவும் விண்விணென்று தெறிக்கும் நோவும் வெவ்வேறானவை என்பதை நோயாளர் என்றும் அறிந்திருந்தனர். அவ்வேறுபாட்டை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டமையே இங்கு புதுமையாகும்.

சியற்றில் நகரில் மேரிலின் பேர்க்னரும் அவருடைய துணைவர்களும் ஆக்கிய 'நோய்த் தாக்க விவரணம்' இன்னுமொரு படி முன்சென்றது. நோய் தமது நடத்தையை எவ்வாறு மாற்றிற்று என்பதை நோயாளர், அவர்களைப் பராமரிப்போர், மருத்துவத்துறையினர், நலமுள்ளோர் ஆகியோர் தத்தம் சொற்களில் எழுதித் தந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கூற்றுகள் ஒப்புநோக்கப்பட்டு 312 ஆகக் குறைக்கப்பட்டன. பன்முறை சோதித்தபின் 1981இல் 136 கூற்றுகள் கொண்ட இறுதி வடிவம் வெளியாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தில் உருவான நொற்றிங்ஹாம் உடல்நல விவரணத்தின் முதற்பகுதியிலுள்ள 38 கூற்றுகளும் சாதாரண மக்களின் பேச்சிலிருந்து பிறந்தவையே.

ஆகவே, வினாக்களுக்கு இருவேறு ஊற்றுகள் இருந்தன எனக் கொள்ளலாம். ஒன்று அதிகாரமும் நிபுணத்துவமும் உடையோரின் தேவை. மற்றையது நோயுற்றோரின் அனுபவம். பின்வந்த வினாத் தொகுப்புகளில் இவ்விரு ஊற்றுகளின் நீரும் பிரித்தறிய இயலாதவாறு கலந்தன.

4

பழைய வினாக்களிலிருந்து புதிய அளவுகோலை வெளிப்படையாகவும் திட்டமிட்டும் ஆக்கியமைக்கு, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய உளநல நிறுவகம் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலைத் தக்க சான்றாகக் கூறலாம். 1977இல் லெனோர் றட்லொவ் இதுபற்றி எழுதினார். ஏற்கெனவே வழக்கிலிருந்த பெக், சங், றஸ்கின் ஆகியோரின் அளவுகோல்கள், மினசோட்டா பட்டியல் முதலியவற்றிலிருந்து 20 கூற்றுகள் தெரிந்தெடுக்கப்பட்டன. வைத்தியசாலைக்கு வெளியே, வீடுகளில் வாழும் பொதுமக்களிடையே மனச்சோர்வின் அறிகுறிகள் எவ்வளவு பரவியுள்ளன என்று அறிவதே குறிக்கோள். 1980இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பிரைஸ் குழுவினர் மூட்டுவாத நோயாளருக்கென ஆக்கிய உடல்நல மதிப்பீட்டு வினாக்கொத்தும் முந்திய வினாக்களைச் சலித்துத் தெரிந்ததே. உடுத்தல், எழுந்திருத்தல், உண்ணல், நடத்தல் முதலிய எட்டுத் தலைப்புகளில் 20 வினாக்கள் அதில் அமைந்தன.

இம்முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பலமுறை கேட்கப்பட்ட வினாவின் குறைநிறைகள் தெரிந்திருக்கும். ஒரே வினாவை இரு ஆய்வுகளிற் கேட்டால் முடிவுகளை ஒப்பிடலாம். சிறிய ஆய்வுக்குழுவுக்கும், பொருள்வளம் குறைந்த நாட்டுக்கும் இது பேருதவியாகும். நோயாளர் நோக்கிலும் ஒரு நியாயம் உண்டு. முன்னர் ஆயிரக்கணக்கான நோயாளர் சிரமப்பட்டு அளித்த விடைகளாற் சோதிக்கப்பட்ட வினாவைப் புறக்கணித்து, அதே சோதனையை மீண்டும் புதியவர்மேற் சுமத்துவது தகாது.

ஆனால் எடுத்தாளப்பட்ட வினாக்களுடன் அவற்றின் ஊரும் உடன்வந்தது. றட்லொவ் வெளியிட்ட பட்டியலின் கூற்றொன்று துயரத்தைக் குறிக்க நீல நிறத்தின் பெயரால் அமைந்த ஆங்கில வழக்கைக் கையாள்கின்றது. தமிழில் நீலம் நீலமே. அது துயரைக் குறிக்காது. ஸ்ரான்போட் வினாக்கொத்து கைவலுவை அறிய, புதிய பால் அட்டைப்பெட்டியைத் திறக்க இயலுமா என்று கேட்கும். காரில் ஏறி இறங்க இயலுமா என்றும் கேட்கும். கலிபோர்ணியாவில் அவை அன்றாடச் செயல்கள். தேங்காய் துருவி, கிணற்றிலே தண்ணீர் அள்ளி, பேருந்தின் படியில் ஏறி வாழும் ஒருத்திக்கு அவ்வினாக்கள் அவளது கையைப் பற்றியோ காலைப் பற்றியோ அதிகம் கூறமாட்டா. மொழிபெயர்ப்பாற் சொல்லை மாற்றலாம். வாழ்க்கை முறையை மாற்றிப் பெயர்க்க இயலாது.

5

வினாக்களின் வரலாறு வெறும் சொல்லாராய்ச்சியாக முடிவதில்லை என்பதை றாண்ட் நிறுவனத்தின் காப்புறுதிப் பரிசோதனை தெளிவாக்கும். மருத்துவச் செலவின் ஒரு பகுதியை மக்கள் தம் கையிலிருந்து செலுத்தினால் என்ன நிகழும், முழுவதும் இலவசமானால் என்ன நிகழும் என்ற கேள்விக்கு விடைகாண, 1974 முதல் 1982 வரை ஐக்கிய அமெரிக்காவின் ஆறு இடங்களில் 2,750 குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 7,700 பேர் ஆராயப்பட்டனர். குடும்பங்கள் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்புறுதித் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டன. உடல்நலத்தை அளவிடுவதற்கு ஜோன் வெயார், றொபேட் புறூக் முதலியோர் பழைய வினாக்கொத்துகளை ஆராய்ந்து, ஏற்றும் திருத்தியும் அளவுகோல்களை அமைத்தனர். உளநலம் பற்றிய 38 வினாக்களுக்கு ஹரோல்ட் டியூப்புய் என்பாரின் பொதுநல்வாழ்வுப் பட்டியல் முக்கிய மூலமாயிருந்தது.

பரிசோதனையின் முடிவுகள் கொள்கை வகுப்போரிடையே பெருந்தாக்கத்தை ஏற்படுத்தின. கட்டணம் செலுத்தவேண்டியிருந்தோர் வைத்தியரிடம் குறைவாகவே சென்றனர். அத்தியாவசியமான சிகிச்சையையும் அத்துணை அவசியமற்ற சிகிச்சையையும் அவர்கள் ஏறத்தாழ ஒரே அளவிற் குறைத்துக்கொண்டனர். ஆயினும் 1983இல் வெளியான அறிக்கையின்படி, சராசரி மனிதரின் உடல்நல அளவீடுகளில் இலவச சிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்குமிடையே பெரும்பாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. கண்பார்வை சீர்பெற்றமையும், உயர் குருதியமுக்கமுடைய வறியோரிடம் அமுக்கம் தணிந்தமையும் முக்கியமான விதிவிலக்குகளாகும். கட்டணம் விதித்தாலும் தீங்கில்லை என்று வாதிட்டோர் சராசரியை எடுத்துக்காட்டினர். இலவச மருத்துவம் தேவை என்போர் வறியோர்பற்றிய விதிவிலக்கை எடுத்துக்காட்டினர்.

கேட்கப்பட்ட வினாக்கள் பொய்த்தன என்று கூறுவது எமது நோக்கமன்று. அவை தமக்குரிய வரம்புக்குள் கவனமாக ஆக்கப்பட்டவை. ஆனால், வறியோரின் நிலையில் ஏற்பட்ட மாற்றத்தை அங்கு எடுத்துக்காட்டியது வினாத்தாளன்று, குருதியமுக்கமானியே என்பது சிந்தனைக்குரியது. உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் உணரப்படாத நோய் என்பது இதற்கு ஒரு காரணம். பெரும்பாலும் நலமுள்ள மக்களின் சராசரியைக் காண அமைந்த வினாக்கள், சிறுதொகையினராகிய நோயுற்ற வறியோரின் இழப்பைக் காட்டும் வலுக்குறைந்தவை என்பது மற்றொரு காரணம். எந்த வினாவைக் கேட்கிறோம் என்பது, எவருடைய துன்பம் கணக்கில் வரும் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றது. அரச வைத்தியசாலையில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை அனுபவித்துவரும் நாட்டவராகிய நாம் இதனை மறத்தலாகாது.

இப்பரிசோதனையில் வளர்ந்த வினாக்கள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1986இல் பொஸ்டன், சிக்காகோ, லொஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் தொடங்கிய மருத்துவ விளைவு ஆய்வில் அவை 149 வினாக்களாக விரிந்து, 1992இல் வெயாரும் கதி ஷேர்போனும் வெளியிட்ட 36 வினாக்கள் கொண்ட குறுவடிவமாகச் சுருங்கின. அச்சிறு வினாக்கொத்து உலகின் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. அதன்கண் கடினமான செயல்களுக்கு ஓட்டம், பாரம் தூக்கல், கடும் விளையாட்டு ஆகியன உதாரணங்கள்; நடுத்தரச் செயல்களுக்கு மேசையை நகர்த்தல், தூசுறிஞ்சி இயந்திரத்தைத் தள்ளல், கோல்ப் ஆடல் முதலியன உதாரணங்கள். பாரம் தூக்குவதும் விளையாட்டும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனிக்கவேண்டும். ஓய்வு நேரத்தில் உடலை வருத்துவோரின் உலகம் அது. கொழுந்துக்கூடையை முதுகிற் சுமப்பவளுக்குப் பாரம் தூக்கல் ஆற்றலின் அளவுகோலாக மட்டும் அமைவதில்லை. அதுவே அவளுடைய சீவனோபாயமும், பல வேளைகளில் அவளுடைய நோயின் காரணமும் ஆகும்.

6

சிதறிக்கிடந்த வினாக்களை முறையாகத் தேடித் தொகுக்கும் பணி, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆதரவில் 2004இல் தொடங்கிய 'புறொமிஸ்' எனப்படும் திட்டத்தில் உச்சநிலையை அடைந்தது. இதற்குக் கல்வி அளவீட்டுத்துறை அடித்தளமிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த கேயோர்க் ராஷ் 1960இலும், அமெரிக்கரான பிரெடெரிக் லோர்ட் அதே காலப்பகுதியிலும் வளர்த்த புள்ளிவிபரவியற் கோட்பாடுகள், ஒவ்வொரு வினாவின் கடினத்தையும் விடையளிப்போரின் ஆற்றலையும் ஒரே கோட்டில் நிறுத்த வழிசெய்தன. மாணவரின் கணித அறிவை அளக்கப் பயன்பட்ட வினா வங்கி என்னும் எண்ணம் இவ்வாறு நோயாளரின் நோவையும் மனச்சோர்வையும் அளக்கவும் உதவிற்று. வங்கியிலுள்ள வினாக்களில் ஒருவருக்குப் பொருந்திய சிலவற்றை மட்டும் கணினி தெரிந்து கேட்கும். நீண்ட வினாத்தாளை நிரப்பும் சுமை நோயாளிக்குக் குறையும்.

வினாக்களைத் தேடிய முறையை 2007இல் அத்திட்டத்தினர் விளக்கினர். முதலில், அளக்க விரும்பும் பொருள் எதுவென வரையறுத்தல். பின்னர், வெளியான வினாக்கொத்துகளனைத்தையும் தேடி, வினா, விடைத்தெரிவுகள், குறிப்பிடும் காலம், மூலம் ஆகியவற்றைப் பதிதல். அதன்பின் ஒரே கருத்துடைய வினாக்களை ஒன்றுசேர்த்து, பொருந்தாதவற்றையும் திரும்பத்திரும்ப வருவனவற்றையும் மயக்கம் தருவனவற்றையும் நீக்கல். இந்நீக்கலுக்கு அவர்கள் இட்ட பெயர் சுளகிற் புடைப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். புடைத்தெடுத்தவற்றைத் திருத்தி எழுதி, நோயாளரின் குழுக் கலந்துரையாடல்களிலும் நேர்முகங்களிலும் ஆராய்ந்த பின்னரே கள ஆய்வு நிகழ்ந்தது.

இதன் பருமனை ஓர் உதாரணத்தால் உணரலாம். மனச்சோர்வு, பதகளிப்பு, சினம் என்னும் மூன்றுக்குமாக 305 வினாக்கொத்துகளிலிருந்து 1,404 வினாக்கள் திரட்டப்பட்டன. அவை 168 ஆகச் சுருக்கப்பட்டு, கடந்த ஏழு நாட்களைக் குறிப்பனவாகவும் ஐந்து விடைத்தெரிவுகள் உடையனவாகவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. ஏறத்தாழ 15,000 பேரிடம் பெற்ற விடைகளை ஆராய்ந்தபின் முறையே 28, 29, 29 வினாக்கள் எஞ்சின. 1,404 வினாக்கள் இருந்தன என்பதே ஒரு செய்தியாகும். ஒரே துயரை ஒருவரையொருவர் அறியாது எத்தனை ஆய்வாளர் எத்தனை வகையாகக் கேட்டிருந்தனர் என்பதை அவ்வெண் காட்டுகின்றது.

7

சுளகு எத்துணை நேர்த்தியாயினும் அதிற் போடப்பட்ட தானியத்தையே அது புடைக்கும். முன்னர் எவரும் கேளாத வினாவைப் பழைய வினாக்கொத்துகளில் தேடிக் காணமுடியாது. மூட்டுவாத ஆய்வில் இது வெளிப்படையாயிற்று. தொண்ணூறுகளின் முற்பகுதியில் நிபுணர் கூடி வகுத்த அடிப்படை அளவீடுகளில் மூட்டு வீக்கம், நோவு, செயல்வலு முதலியன இடம்பெற்றன. 'ஒமெராக்ட்' எனப்படும் சர்வதேச ஆய்வாளர் மாநாட்டில் 2002இல் முதன்முறையாக நோயாளரும் பங்குகொண்டனர். தம்மை வருத்துவனவற்றுள் களைப்பு முதன்மையானது என்று அவர்கள் கூறினர். நிபுணரின் பட்டியலில் களைப்பு இருக்கவில்லை. நான்கு ஆண்டுகளின் பின், 2006இல், மூட்டுவாத ஆய்வுகளிற் களைப்பையும் அளவிடவேண்டும் என்று அம்மாநாடு பரிந்துரைத்தது. நோயாளர் அவைக்கு வந்திராவிடின், பழைய வினாக்களை எத்துணை நுட்பமாகச் சலித்தாலும் இவ்வெற்றிடம் நிரம்பியிருக்குமோ என்பது ஐயமே.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாழ்க்கைத்தர வினாக்கொத்து வேறொரு வழியைக் காட்டியது. 1991இல் தொடங்கிய இம்முயற்சியில் 15 நிலையங்கள் ஒரே நேரத்திற் பங்குகொண்டன. அவற்றுள் சென்னையும் ஒன்று. ஒரு நாட்டில் ஆக்கியதைப் பிறர் பெயர்த்தெழுதுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு நிலையத்திலும் நோயாளரும் நலமுள்ளோரும் மருத்துவத்துறையினரும் கலந்துரையாடி, தத்தம் மொழியில் வினாக்களை முன்வைத்தனர். ஏறத்தாழ 1,800 வினாக்கள் திரண்டு, இறுதியில் 100 வினாக்களாயின. 26 வினாக்கள் கொண்ட சுருக்கவடிவும் பின்னர் வந்தது. அந்த வினாத்திரளுக்குத் தமிழ் பேசுவோரும் ஆக்குநராகப் பங்களித்தனர் என்பது எமக்கு முக்கியமானது.

தமிழ்ச்சூழலில் வினாக்களைத் தேடுவோர் சொல்லளவிலேயே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் 'யோசனை' என்பது சிந்தனையை மட்டுமன்றிக் கவலையையும் குறிக்கும், "யோசிக்கிறீர்களா?" என்று கேட்பவர் எதனைக் கேட்கிறார் என்பது இடத்தைப் பொறுத்தது. 'இளைப்பு' என்பது ஒருவருக்கு மூச்சுவாங்கலையும் இன்னொருவருக்கு உடல் மெலிவையும் உணர்த்தும். தமிழகத்திற் சோதிக்கப்பட்ட வினா தமிழிலே உள்ளது என்ற காரணத்தால் மட்டும் மட்டக்களப்பிலோ மலையகத்திலோ அதே பொருளைத் தருமென்று கொள்ளலாகாது.

8

வினாவின் உடைமை பற்றியும் சில கூறவேண்டும். றட்லொவ் வெளியிட்ட அளவுகோல் அரச நிறுவகத்தின் ஆக்கமாதலால் எவரும் பயன்படுத்தலாம். அது கூற்றுகளைப் பெற்ற மூலங்களுள் ஒன்றாகிய பெக்கின் பட்டியலோ வணிகப் பதிப்புரிமைக்கு உட்பட்டது. மருத்துவ விளைவு ஆய்வின் 36 வினாக்களை றாண்ட் நிறுவனம் கட்டணமின்றித் தருகின்றது. ஏறத்தாழ அதே வினாக்களின் மற்றொரு வடிவத்துக்கு உரிமப் பத்திரம் வேண்டும். நோயாளர் கூற்றாக அமையாவிடினும், 1975இல் வெளியான சுருக்க மனநிலைச் சோதனை இங்கு எண்ணத்தக்கது. உலகெங்கும் வைத்தியர் பல்லாண்டுகள் தடையின்றிப் படியெடுத்துப் பயன்படுத்திய அச்சோதனைக்குப் புத்தாயிரத்தின் தொடக்கத்திலிருந்து உரிமம் வலியுறுத்தப்பட்டது. 2011இல், அதனை ஒத்த கூறுகளுடன் ஆக்கப்பட்ட வேறொரு இலவசச் சோதனை இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. மறுபுறத்தில், புறொமிஸ் திட்டத்தின் ஆங்கில வினாக்களை ஆய்வாளர் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

முரண்பாடு தெளிவானது. வினாவின் மூலப்பொருள் நோயாளரின் சொல். அதனைப் பதப்படுத்தியது பெரும்பாலும் பொதுப்பணத்தில் நிகழ்ந்த ஆய்வு. அதன் தகுதியை நிரூபித்தது ஆயிரக்கணக்கானோர் ஊதியம் கருதாது தந்த விடை. சமூகம் கூடி ஆக்கிய பொருள் தனியுடைமையாகும்போது, அதனை மிகவும் வேண்டிநிற்கும் வறிய நாட்டு வைத்தியசாலையே முதலில் அதனை இழக்கின்றது. ஆக்கியோரின் உழைப்புக்கு மதிப்பளித்தலும் வினாவின் வடிவம் கண்டபடி சிதையாது காத்தலும் வேண்டியனவே. அவற்றுக்குப் பதிவும் ஒழுங்கும் போதும். வேலி அவசியமில்லை என்பது எமது துணிபு.

9

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். பழைய வினாக்களைத் தேடி எடுத்தாளுதல் கைவிடத்தக்கதன்று. வளம் குறைந்தோருக்கு அது தவிர்க்கவியலாததும் பயனுடையதுமாகும். ஆனால் தேடுபவர் ஒவ்வொரு வினாவுடனும் அதன் பிறப்பையும் பதிந்துகொள்ள வேண்டும். எந்த ஆண்டில், எந்த மொழியில், யாருக்காக, எத்தகைய மக்களிடம் முதலிற் கேட்கப்பட்டது, வழியில் எவ்வாறு திருத்தப்பட்டது என்னும் விபரங்கள் வினாவின் நம்பகத்தையும் தகுதியையும் போன்றே முக்கியமானவை. தொகுத்த வினாக்களை நோயாளர் முன்வைத்து, இதில் இல்லாதது எது என்று வினவுதல் இன்றியமையாதது. தமிழில் இதுவரை பெயர்க்கப்பட்டனவும் ஆக்கப்பட்டனவுமாகிய உடல்நல வினாக்களை அவற்றின் வரலாற்றுடன் ஓரிடத்தில் தொகுத்து எவருக்கும் திறந்துவைத்தல், எமது பல்கலைக்கழகங்களின் மருத்துவத் துறையினரும் மொழித் துறையினரும் சமூகவியலாளரும் கூடிச் செய்யத்தக்க பணியாகும்.

வூட்வேர்த்தின் பட்டியலில் முதலாவது வினா, வழக்கமாக நலமாகவும் வலுவாகவும் உணர்கிறீரா என்பதாகும். யுத்தத்துக்கு அனுப்பத்தக்கவரா என்று அறியவே அது கேட்கப்பட்டது. ஏறத்தாழ அதே வினாவை இன்று வைத்தியசாலையில் நாம் கேட்கின்றோம். சொற்கள் பெரிதும் மாறவில்லை. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலான உறவு மாறியதா என்பதே ஆராயப்படவேண்டியது. அவ்வுறவை மாற்றும் பொறுப்பு வினாக்களைத் தேடும் எமக்கும் உண்டு.